ராஜினாமா செய்யாதே, பழி வாங்கு

சுகுமார், நீ நலமா என்று கேட்டு இதைத் தொடங்கப் போவதில்லை. நலமில்லை என்று வெள்ளிக்கிழமை நீயே போனில் அழாத குறையாகச் சொல்லிவிட்டாய். கம்பெனியில் புதிய கம்ப்யூட்டர் முறை வந்துவிட்டதாம், காலையிலிருந்து மெயில் மேல் மெயிலாம், எதைப் படிப்பது எதை விடுவது என்று தலை சுற்றுகிறதாம். உன்னைவிடப் பத்து வயது சின்னவனான உன் மேலாளன், எல்லாரும் பார்க்க உன் கையிலிருந்த மௌஸைப் பிடுங்கி, "அண்ணா, நீங்க நகருங்க, நீங்க பண்றதுக்குள்ள விடிஞ்சிடும்" என்றானாம். ராஜினாமா எழுதி வைத்துவிட்டாய், ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு செஞ்சிக்கு வருகிறாய், சிங்கவரத்தில் யாருடைய நிலத்தையாவது குத்தகைக்கு எடுத்து வேர்க்கடலை போடப் போகிறாய். கடலைச் செடியை எந்தப் பக்கம் பிடித்துப் பிடுங்குவது என்று கூட உனக்குத் தெரியாது. அது இருக்கட்டும். இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுவதற்குக் காரணம் உண்டு. அந்த மேலாளனும் படிக்கட்டும் என்றுதான்.

என் கதையில் உனக்குத் தெரிந்த பாதியை முதலில் சொல்கிறேன், நீ அதையே சரியாகக் காதில் வாங்கவில்லை. நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் சீட்டு போடும் கவுன்டர் என்னுடையது. உன் நைனா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தது அந்த கவுன்டர்தான். பெரிய டாக்டருக்கு வயதானதும் நிர்வாகத்தைத் தன் மருமகனிடம் கொடுத்தார். மருமகன் வந்த வேகத்தில் சீட்டு எழுதும் நோட்டுகளை மூட்டை கட்டினார், கம்ப்யூட்டர் வைத்தார், எங்கள் எல்லார் போனிலும் ஏழெட்டு வாட்ஸ்அப் குரூப் போட்டார். கவுன்டருக்கு ஒன்று, வார்டுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, அறிவிப்புக்கு ஒன்று, அந்த அறிவிப்பைப் பார்த்தீர்களா என்று கேட்பதற்கு இன்னொன்று. ஒரே செய்தி எல்லாவற்றிலும் வரும். நடுவில் குட்மார்னிங் படம், கல்யாணப் பத்திரிகை, யாருக்கோ பிறந்தநாள். "எல்லாத்தையும் படிக்கணும். படிக்கலைன்னா இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு அர்த்தம்" என்றார் மருமகன். நான் அதை நம்பினேன். சோறு வடிக்கும்போதும் படித்தேன், பஸ்ஸில் நின்றுகொண்டும் படித்தேன். போன் கிணுங் என்றால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவேன். கடைசியில் அதை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடிவைக்கும் நிலைமைக்கு வந்தேன். டப்பாவுக்குள்ளிருந்தும் அது கிணுங்கியது.

அந்தப் பொங்கலுக்கு நீ வந்திருந்தாய். "இத்தக் கொஞ்சம் சொல்லிக் குடுடா" என்று போனோடு உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீ என்ன செய்தாய் என்று ஞாபகமிருக்கிறதா? போனை என் கையிலிருந்து பிடுங்கினாய். கண் மூடித் திறப்பதற்குள் எதையெதையோ அழுத்தினாய். "அவ்ளோதாம்மா, ஆச்சு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு டிவி பக்கம் திரும்பிவிட்டாய். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பக் கேட்டதற்கு, "உனக்குப் புரியாதும்மா, எதுனா வேணும்னா எனக்குப் போன் போடு" என்றாய். உன் மேலாளன் உன் கையிலிருந்து மௌஸைப் பிடுங்கினான் என்று வெள்ளிக்கிழமை நீ சொன்னபோது எனக்கு வயிறு எரிந்தது. பெற்றவள் ஆயிற்றே, எரியத்தான் செய்யும். ஆனால் அந்த எரிச்சலுக்குக் கீழே கொஞ்சம் குளிர்ச்சியும் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். இப்போது தெரிகிறதா எப்படி இருக்கும் என்று?

பொங்கல் முடிந்து கொஞ்ச நாளில் அந்தத் தப்பு நடந்தது. நம் பக்கத்து ஜனங்களைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்மலையனூர் அம்மனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பெண்களுக்கெல்லாம் அம்மன் பெயர்தான். அங்கம்மாள், அங்காயி, அங்காளம்மாள், அங்காள பரமேஸ்வரி. போன் நம்பர் கேட்டால் ஒரு தெருவே ஒருத்தர் நம்பரைச் சொல்லும். நான் கம்ப்யூட்டரில் அங்கம்மாள் என்று அடித்தேன், திரை முழுக்க அங்கம்மாள்கள் வந்து நின்றார்கள். பின்னால் வரிசை கத்துகிறது, போன் கிணுங்குகிறது. நான் ஒருத்தியைத் தொட்டேன். அது வேறு அங்கம்மாள். ஒருத்தியுடைய சர்க்கரை ரிப்போர்ட் இன்னொருத்தி பெயரில் ஏறிவிட்டது. நர்ஸ் கவனித்துவிட்டாள், யாருக்கும் எதுவும் ஆகவில்லை. என் தப்புதான், இல்லை என்று சொல்லவில்லை. தனியாகக் கூப்பிட்டுத் திட்டியிருந்தால் தலையைக் குனிந்து கேட்டிருப்பேன்.

மருமகன் மீட்டிங் போட்டார். டாக்டர் முதல் கூட்டுகிறவர் வரைக்கும் உட்கார வைத்து, சுவரில் பெரிதாக என் தப்பைப் படம் காட்டினார். எங்கே தொட்டேன், எப்படித் தொட்டேன் என்று வட்டம் போட்டு வேறு காட்டினார். பிறகு சிரித்துக்கொண்டே, "இந்தம்மாவுக்கு கம்ப்யூட்டர் வராது. வண்டிக்கு டோக்கன் குடுக்க வரும்ல?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எக்ஸ்ரேகாரர் சிரித்தார். என்னிடம் கைமாற்றாகக் காபித்தூள் வாங்கிப் போகும் லேப்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். மறுநாள் என்னை வாசலில் வண்டி ஸ்டாண்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தகரக் கொட்டகை, ஒரு ஸ்டூல், ஒரு கட்டு டோக்கன். இது வரைக்கும் உனக்குத் தெரியும். "விட்டுத் தள்ளும்மா, வேலையே வேணாம், நான் காசு அனுப்பறேன்" என்றாய். நல்ல பிள்ளை என்று ஊரே சொல்லும் பேச்சு. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் அதே சுவருக்கு முன்னால் என்னைப் பார்த்துத் தலைகுனிய வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது.

உனக்குத் தெரியாத பாதி இனிமேல்தான். எங்கள் மருந்துக் கவுன்டரில் மும்தாஜ் என்று ஒரு பெண் இருக்கிறாள், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள், மீட்டிங்கில் சிரிக்காதவர்களில் ஒருத்தி. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்கு வந்துவிடுவாள். ஒருநாள் என்னைப் பார்த்து, "இன்னாக்கா, போனைத் தேளைத் தூக்குற மாதிரி தூக்கறீங்க?" என்றாள். எல்லாவற்றையும் படித்து முடிக்க முடியவில்லை என்று சொன்னேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "யாருக்கா முடிச்சாங்க? நானே படிக்கிறதில்ல. அவரு போட்றதை அவரே படிக்கிறதில்ல. நேத்து ரெண்டு குரூப்ல ரெண்டு விதமா டைம் போட்டாரே, பாக்கலையா?" எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். யாருமே படிக்காத குப்பையைப் படித்துத்தான் நான் தூக்கத்தைத் தொலைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் என் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். பயம் இருந்த இடத்தில் பாதியைக் கோபம் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். அது போதுமானதாக இருந்தது.

அவள் சொன்னபடி குரூப்களின் வாயையெல்லாம் அடைத்தேன். சத்தம் வராது, செய்தி மட்டும் கிடக்கும். காலையில் வந்ததும் ஒரு தடவை, சாப்பிட்டதும் ஒரு தடவை பார்ப்பேன். இந்தச் செய்தியால் என் எதிரில் வந்து நிற்கப் போகிற ஆள் யாராவது உண்டா என்று மட்டும் கேட்டுக்கொள்வேன். உண்டு என்றால் படிப்பேன், இல்லை என்றால் அது யார் பிறந்தநாளாக இருந்தாலும் எனக்கென்ன. படிக்காமல் விடுவதும் வேலையில் ஒரு பகுதிதான் சுகுமார், அதை எவனும் மீட்டிங்கில் சொல்ல மாட்டான். நீ காலையில் போய் உட்கார்ந்ததும் எல்லா மெயிலையும் திறக்கிறாயே, அதை முதலில் நிறுத்து. உன் பெயரைச் சொல்லி உன்னிடம் கேட்டிருப்பது எது என்று பார். மீதிக்கு நீ கடன்பட்டவன் இல்லை.

அப்புறம் கம்ப்யூட்டர். தொட்டால் ஏதாவது கெட்டுவிடும் என்பதுதான் என் பயமே. மும்தாஜ் என்ன செய்தாள் தெரியுமா? பழகுவதற்கென்றே ஒரு பக்கம் அதில் இருக்கிறது, அதைத் திறந்து வைத்துவிட்டு, "கெடுங்கக்கா" என்றாள். "எவ்ளோ முடியுமோ அவ்ளோ தப்புத் தப்பா அடிங்க. நான் கையைக் கட்டிக்கினு குந்தறேன்." ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டர் ஒன்று மருந்துக் கிடங்கில் சும்மா இருந்தது. மத்தியானத்தில் அங்கே போய்க் கெடுத்தேன். இல்லாத நோயாளிகளை உண்டாக்கினேன், ஆம்பளைக்குப் பிரசவம் பார்க்கச் சீட்டுப் போட்டேன், ஒருத்தனை இரண்டு தடவை சேர்த்து மூன்று தடவை வீட்டுக்கு அனுப்பினேன். எல்லாருக்கும் மருமகன் பெயரையே வைத்தேன். கையில் பயம் போகப் போக, அங்கம்மாளைத் தேடும்போது ஊரையும் புருஷன் பெயரையும் சேர்த்து அடித்தால் திரையில் ஒரே ஒருத்திதான் மிஞ்சுவாள் என்று தெரிந்தது. இதை ஒருத்தர் பொறுமையாகச் சொல்லியிருந்தால் அந்தத் தப்பே நடந்திருக்காது. மும்தாஜ் ஒருநாளும் என் கைக்கு மேல் கை வைக்கவில்லை. உன்னை நினைத்துக்கொண்டேன்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, கற்றுக்கொண்டேன், மனம் நிறைந்தது என்று எழுதினால் நல்ல அம்மாவாக இருப்பேன். மனம் நிறையவில்லை. மருமகன் புதிதாக ஒன்று கொண்டுவந்திருந்தார். டாக்டரைப் பார்த்து முடித்ததும் நோயாளி போனுக்கு ஒரு செய்தி வரும், அதைத் தொட்டால் நட்சத்திரம் கொடுக்கலாம், வாயாலேயே கருத்துச் சொல்லலாம். நட்சத்திரம் குறைந்தால் மருமகன் போனில் மணி அடிக்கும். அவர் உட்கார்ந்து பதில் எழுதுகிற வரைக்கும் விட்டு விட்டு அடிக்கும். பெரிய டாக்டர் போனுக்கும் போகும். இதை வாங்கியதற்காக மீட்டிங்கில் அவருக்கு அவரே கைதட்டிக்கொண்டார். அவருக்கு ஒரு தைரியம். நம் ஜனங்கள் எந்த லிங்க்கையும் தொட மாட்டார்கள், தொட்டால் பேங்க் பணம் போய்விடும் என்று பயம். மாதக்கணக்கில் ஒரு கருத்தும் வரவில்லை, குறையே இல்லாத ஆஸ்பத்திரி என்று மாமனாரிடம் பீற்றிக்கொண்டார். அந்தச் செய்தி போகும் போன் யாருடையது? பாட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்த பிள்ளையுடையது, மருமகளுடையது. வண்டி எங்கே நிற்கிறது? என்னிடம்.

அமாவாசைக்காகக் காத்திருந்தேன். மேல்மலையனூர் போகும் கூட்டம் முழுக்க செஞ்சி வழியாகத்தான் போக வேண்டும், வெயிலில் மயங்கி விழுகிறவர்கள், வாந்தி எடுக்கிறவர்கள் எல்லாம் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் வருவார்கள். அன்றைக்கு உள்ளே உட்கார நாற்காலி இல்லை, தண்ணீர் கேன் காலி, மின்விசிறி ஒன்றும் சுற்றவில்லை. மேல்சித்தாமூர் பக்கத்துப் பெண் ஒருத்தி மாமியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். டோக்கனை வாங்கிக்கொண்டே, "போன்ல ஒரு மெசேஜ் வந்திருக்குமே, பாத்தியா?" என்றேன். "ஐயையோ, அத்தத் தொட்டா காசு பூடுமாமே" என்றாள். "பேங்க் பின் நம்பர் கேட்டாலோ, போனுக்கு வந்த ஓடிபி நம்பரைச் சொல்லுன்னாலோ மூடிடு. இது ரெண்டும் கேக்காது. நானே பழகியிருக்கேன். தொட்டுப் பாரு" என்றேன். தொட்டாள். "இன்னா பேசறது?" என்றாள். "உள்ள இன்னா நடந்துச்சோ அத்தப் பேசு." அவள் போனை வாயருகே வைத்துக்கொண்டு, "காத்தாலேருந்து நிக்கறோம், குந்தறதுக்கு ஒரு சேர் இல்ல, கண்ணாடி போட்ட ஆளு ஒருத்தரு எங்க மாமியாரை ஓரமா போன்னு கையைப் புடிச்சித் தள்றாரு, நாங்க இன்னா ஆடா மாடா?" என்று ஆரம்பித்தாள். பின்னால் வண்டிக்கு நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். கண்ணாடி போட்ட ஆள் மருமகன்தான். "எனக்கும் சொல்லிக் குடும்மா" என்று வரிசை என் பக்கம் திரும்பிவிட்டது.

ஒருத்தருக்கும் நான் வார்த்தை எடுத்துக் கொடுக்கவில்லை. எந்த இடத்தைத் தொட வேண்டும் என்று மட்டும் காட்டினேன், அவர்கள் கையாலேயே தொட வைத்தேன். மத்தியானத்துக்குள் மும்தாஜ் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "அக்கா, அவரு போன் அடிச்சிக்கினே இருக்குது. ஒண்ணுக்குப் பதில் எழுதறதுக்குள்ள நாலு வருது. வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு." எனக்குப் பசியே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே வந்துவிட்டார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"இன்னாம்மா பண்றீங்க இங்க?"

"டோக்கன் குடுக்கறேன் சார்."

"எல்லாரும் கம்ப்ளெயின்ட் போட்டுக்கிட்டு இருக்காங்க!"

"கம்ப்ளெயின்ட் இல்ல சார், ஃபீட்பேக். நீங்கதான மீட்டிங்ல சொன்னீங்க."

"ஒரே நாள்ல இவ்ளோ வந்தா மனுஷன் எப்படிப் படிக்கிறது?"

சுகுமார், இந்த ஒரு வாக்கியத்துக்காக எத்தனை மாதம் தகரக் கொட்டகையில் வெந்திருப்பேன். "எல்லாத்தையும் படிக்கணும் சார். படிக்கலைன்னா இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு அர்த்தம்" என்றேன். அவர் கையில் போன் மறுபடியும் அடித்தது. நெஞ்சு குளிர்ந்தது எனக்கு.

பெரிய டாக்டர் அத்தனை குரலையும் உட்கார்ந்து கேட்டாராம். மறுநாள் என்னைக் கூப்பிட்டார். "ஜனங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றார். நான்தான் என்றேன். "உனக்கு கம்ப்யூட்டர் வராதுன்னாங்களேம்மா?" என்றார். "வராமத்தான் இருந்துச்சு டாக்டர். வர வச்சேன்" என்றேன். கவுன்டருக்கே திரும்பிப் போகிறாயா என்று கேட்டார். போகிறேன், அதற்கு முன்னால் அதே மீட்டிங் வேண்டும் என்றேன், அதே ஆட்கள், அதே சுவர். நடந்தது. மருமகன் எழுந்து நின்று தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்று முணுமுணுத்தார். "பின்னாடி கேக்கல சார்" என்றேன். இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை, லேப்காரம்மா தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னிப்பது பெரிய மனசு என்பார்கள். என் மனசு சின்னது, எனக்கு அதுவே போதுமாக இருக்கிறது. அதற்கப்புறம் உள்ளே நாற்காலி வந்தது, மின்விசிறி சுற்றியது, தண்ணீர் வந்தது. அதற்காக என்னைப் புகழ்கிறவர்கள் உண்டு. நான் அதையெல்லாம் நினைத்துச் செய்யவில்லை, அவர் தவிக்க வேண்டும் என்றுதான் செய்தேன்.

இப்போது அங்கே புதிதாக வேலைக்குச் சேருகிற எல்லாருக்கும் கம்ப்யூட்டர் பழக்குவது நான். புதிய வசதி ஏதாவது வந்தால் மருமகனும் பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம்தான் கேட்க வேண்டும். அவர் தப்பாக அழுத்தினால் திரும்பச் செய்யச் சொல்வேன், சரியாக வருகிற வரைக்கும் எழுந்து போக விட மாட்டேன். இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு ஞாயிறும் நீ போன் செய்து, "இன்னும் அந்த ஸ்டாண்டுல வெயில்ல குந்திக்கினு கெடக்கறியாம்மா, விட்டுட்டு வாயேன்" என்பாய். "சரிப்பா" என்பேன். கவுன்டருக்குத் திரும்பியதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொங்கலன்று டிவி பக்கம் திரும்பினாயே, அதற்கு உன்னைப் பழி வாங்கியது இப்படித்தான். இன்றோடு அந்தக் கணக்கு தீர்ந்தது, இனி உன்மேல் எனக்கு எதுவும் இல்லை.

நீ சின்னப் பையனாக இருந்தபோது கோட்டை அடிவாரத்து ரோட்டில் சைக்கிள் பழகினாய். விழுந்தாய், டீக்கடைப் பையன்கள் சிரித்தார்கள், சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு அழுதுகொண்டு வந்தாய். உன் நைனா, "போவட்டும் விடு, புள்ளைக்கு வரலன்னா நடந்து போவட்டும்" என்றார். அவர் நல்லவர். நான் உன்னைத் திரும்ப அதே ரோட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீ கற்றது சைக்கிள் மேல் ஆசைப்பட்டு இல்லை, அந்தப் பையன்கள் மேல் சேற்றை அடித்துக்கொண்டு போக வேண்டும் என்றுதான். மழைக்காலத்தில் அதைச் செய்தும் காட்டினாய். அன்றைக்கு உன்னை நான் திட்டவேயில்லை என்பதை நீ கவனித்தாயா?

அந்தப் பையன் எங்கே போனான்? கடலை போடப் போகிறானாம். நீ நிம்மதியைத் தேடி இங்கே வந்தால் அந்த மேலாளன் உன் நாற்காலியில் இன்னொருத்தனை உட்கார வைத்து, உன் கதையைச் சொல்லிச் சிரிப்பான். நீ இங்கே வரப்பில் உட்கார்ந்துகொண்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருப்பாய், ஆயுசுக்கும். எனக்குத் தெரியும், வெயிலில் ஸ்டூலில் உட்கார்ந்து நான் கேட்டிருக்கிறேன். திங்கட்கிழமை போய் அதே இடத்தில் உட்கார். உன் ஆபீஸிலும் ஒரு மும்தாஜ் இருப்பாள், அவன் உன்னைத் தள்ளியபோது சிரிக்காத ஆள் யார் என்று யோசி, அவர்களிடம் போய்க் கேள். கேட்பதில் வெட்கமில்லை. பழகுகிற பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மனம்போலக் கெடு, தப்பைப் பார்த்துப் பார்த்துப் பயம் தேய்ந்து போகட்டும். அந்த வேலை உன் கைக்கு வந்து, அவன் உன்னிடம் வந்து நின்று கேட்கிற நாள் வரும். அதற்கு அப்புறம் உனக்குப் பிடிக்கவில்லையென்றால் ராஜினாமா செய். அவனுக்கு வலிக்கிற நேரத்தில் செய்.

நேற்று அமாவாசை. சாயங்காலம் ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே மேல்மலையனூர் போனேன், கூட்டத்தில் நசுங்கி அம்மன் முன்னால் போய் நின்றேன். உனக்கு நிம்மதியைக் கொடு என்று கேட்கவில்லை. உன் மேலாளனுக்காக வேண்டிக்கொண்டேன். அவனுக்கு ஒரு காய்ச்சல் தலைவலி வரக் கூடாது, வேறு ஊருக்கு மாற்றல் ஆகக் கூடாது, வெளிநாட்டில் நல்ல வேலை கிடைத்துப் போய்விடக் கூடாது. என் பிள்ளை கற்று முடிக்கிற வரைக்கும் அவன் அதே நாற்காலியில் நல்லபடியாக உட்கார்ந்திருக்க வேண்டும் தாயே என்றேன். பூசாரி நட்சத்திரம் கேட்டார், தெரியாது என்றேன். பரவாயில்லை என்று அவன் பெயருக்கே அர்ச்சனை செய்து கொடுத்தார்.